பஜ்ஜி எண்ணெயில் பயோடீசல்: பம்ப்செட்டுக்கு 20 லிட்டர் கணக்கு

தர்மபுரிப் பக்கம் ஏரிக்கரைப் புங்க மரங்களைப் பார்த்ததும் புங்க எண்ணெயில் தொடங்கத் தோன்றும். வேண்டாம். அதில் பெரும்பாலும் அமிலம் அதிகம். கந்தக அமிலத்தோடு தனியாக ஒரு சுற்று முடித்தாக வேண்டும். கை பழக, ஓட்டல்களில் கழிக்கும் பாமாயிலே போதும்.

எண்ணெயைப் பயோடீசலாக்க மெத்தனால் (நச்சான, எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால்) வேண்டும். அதை வாங்கவும் வைத்திருக்கவும் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை உரிமம் தேவை. அது வந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

எண்ணெயைத் துணியில் வடிகட்டி, 110 டிகிரியில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சுங்கள். ஈரம் மிஞ்சினால் சோப்புதான் மிஞ்சும்.

அடுத்து அமிலச் சோதனை. பலர் தாண்டிப் போவதும், பிறகு தலையில் கை வைப்பதும் இங்கேதான். 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 1 கிராம் காஸ்டிக் பொட்டாஷை (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, உரப் பொட்டாஷ் அல்ல) கரையுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 3 சொட்டு பினாப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, அந்தக் கரைசலால் லேசான இளஞ்சிவப்புக்குக் கொண்டுவாருங்கள். அதில் 1 மில்லி எண்ணெயைக் கலந்தால் நிறம் போய்விடும். இப்போது சிரிஞ்சில் அளந்து, கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இளஞ்சிவப்பு 15 விநாடி நின்றால் நிறுத்துங்கள். 3 மில்லி பிடித்ததா? லிட்டர் எண்ணெய்க்கு எப்போதும் வேண்டிய 5.5 கிராம் காஸ்டிக் பொட்டாஷோடு (90 சதவீதத் தூய்மைக்கு) 3 கூட்டினால் 8.5 கிராம், 20 லிட்டருக்கு 170 கிராம். 6 மில்லிக்கு மேல் போகும் எண்ணெயை ஒதுக்குங்கள்.

அடுப்பை அணைத்து, தள்ளி வைத்த பிறகே மெத்தனால் கேனைத் திறக்க வேண்டும். இடம் வெட்டவெளி, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் 4.4 லிட்டர் மெத்தனாலில் கணக்கிட்ட காஸ்டிக் பொட்டாஷைக் கரையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். எண்ணெய் 55 டிகிரிக்கு ஆறியதும் இதை ஊற்றி, மூடிய டிரம்மில் 1 மணி நேரம் கலக்குங்கள். 65 டிகிரியில் மெத்தனால் கொதித்துவிடும் என்பதால் 60ஐத் தாண்டவிடாதீர்கள்.

12 மணி நேரத்தில் கறுப்பாக அடியில் தங்குவது கிளிசரின். அதில் மெத்தனாலும் உண்டு. மாட்டுத் தொட்டிப் பக்கம் கொட்டாதீர்கள். அதை இறக்கியதும் 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலைக் குலுக்கிப் பாருங்கள். அடியில் எண்ணெய் தங்கினால் வினை முடியவில்லை.

பிறகு வெதுவெதுப்பான நீரில் மூன்று முறை கழுவ வேண்டும். முதல் கழுவலில் பூவாளியால் தெளித்தால் போதும். குலுக்கினால் மோர் போல் கலங்கிப் பிரியாது. கடைசியில் மறுபடி சூடாக்கி ஈரம் போக்குங்கள். ஆறிய பிறகும் கலங்காமல் இருக்க வேண்டும்.

முதலில் டீசலோடு 20 சதவீதம் மட்டும் கலந்து ஓட்டுங்கள். பழைய டேங்கின் கசடை இது கரைத்துக் கொண்டுவரும். முதல் சில நாளில் ஃபில்டர் அடைக்கும், கையில் ஒன்று கூடுதலாக வேண்டும். சாதாரண ரப்பர் குழாய் ஊறி இளகும். பாமாயில் பயோடீசல் 15 டிகிரியை ஒட்டியே மெழுகு கட்டும். மார்கழியில் தளி, ஓசூர் பக்கம் விடியற்காலையில் பம்ப்செட் கிளம்பாவிட்டால் இன்ஜெக்டரைக் கழற்றும் முன் ஃபில்டரைப் பாருங்கள். குளிர் மாதங்களில் கலவையை 10 சதவீதமாகக் குறையுங்கள்.