போனட்டுக்கு அடியில் வாஷர் வைக்காதீர்கள்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பட்டறைக்கு வரும் இளைஞர்கள் நெடுநேரப் பந்தயத்துக்காக ஜிடி கார்களில் (சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்கள்) செய்யும் மாற்றங்களைப் பார்க்கும்போதெல்லாம், என் பழைய தவறுகளே வேறு கைகளால் நடப்பதாகத் தோன்றுகிறது. நட்டை முறுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒருமுறை பட்டவர் மறப்பதில்லை. கீழே தலைப்புகளாக வருபவை, சரியென்று நம்பியே செய்யும் தவறுகள்.

குதிரைத்திறனில் தொடங்குவது

ஜிடி கார்களின் ஒரு பந்தயப் பிரிவான ஜிடி3 வகுப்பில் எடையையும் எஞ்சின் திறனையும் விதிமுறையே சமன்படுத்திவிடுகிறது. சுற்றுக்கு 2 நிமிடம் ஆகும் பாதையில், 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 720 சுற்றுகள், சுற்றுக்கு 0.2 விநாடி மிச்சம் பிடித்தாலும் மொத்தம் 144 விநாடிதான். பிட்டில் (பந்தயத்தின் நடுவே காரைப் பழுதுபார்க்கும் இடம்) 5 நிமிடம் நிறுத்திவைக்கும் ஒரு கோளாறு அதைப்போல் இரண்டு மடங்கை விழுங்கிவிடும்.

போனட்டின் பின்விளிம்பை உயர்த்துவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. எஞ்சின் சூடாகிறது என்றதும் போனட் கீலுக்கு அடியில் வாஷர்களை அடுக்கி, கண்ணாடிப் பக்கத்து விளிம்பை ஒரு விரற்கடை உயர்த்திவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டு இடுக்கில் கை வைத்தபோது அனல் குபுகுபுவென்று வந்தது. வேலை முடிந்ததென்று நம்பி, மறுநாள் வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டி, செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் காரைக் கொண்டுபோனேன். ஒன்பதாவது சுற்றில் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது; பதினொன்றில் எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போனது. சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட, டயருக்காகச் சேர்த்த பணம் முழுவதும் அதற்கே கரைந்தது.

நிற்கும் காரில் அனல் தானாக மேலெழும். ஓடும் காரிலோ, முன்கண்ணாடியில் மோதும் காற்று அதன் அடியில் தேங்கி அழுத்தத்தைக் கூட்டுவதால், அங்கே உள்ள திறப்பு வழியாகக் காற்று உள்ளே நுழையப் பார்க்கும்; எஞ்சின் அறையில் அழுத்தம் ஏறினால் ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு குறைந்து, அதன் வழியே போகும் காற்றும் குறையும். ஒரு பழைய மெக்கானிக் போனட் முழுவதும் விரல் நீளக் கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டி, பக்கத்துக் காரிலிருந்து படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது: முன்பகுதி நூல்கள் பின்னோக்கிப் படிந்திருந்தன, கண்ணாடியை ஒட்டியவை இடுக்குக்குள் சுருண்டு நுழைந்திருந்தன.

திறப்பு போனட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். மூக்கின் மேல் வளைந்தேறும் காற்று அங்கே அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் அனலை இழுத்துக்கொள்ளும். 2022-இல் அறிமுகமான போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ், பந்தயக் கார்களின் வழியில் முன்புறம் ஒரே பெரிய ரேடியேட்டரை வைத்து, சூடான காற்றை முன்மூடித் திறப்புகள் வழியாகவே வெளியேற்றுகிறது. அந்த அனல் பின்னாலுள்ள எஞ்சினுக்குப் போகாதபடி கூரையில் சிறு தகடுகளும் உண்டு. போனட்டை வெட்டும் முன், ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடைவெளிகளைத் தகடும் ஃபோமும் கொண்டு அடையுங்கள். காற்று சுலபமான வழியைத்தான் தேடும்.

பழைய பிரேக் ஆயில்

டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது; ஈரத்தை உறிஞ்சியபின் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்குகிறது. போன மழைக்காலத்தில் திறந்த டப்பா வேண்டாம்.

ஒரே நாளில் மூன்று மாற்றங்கள்

எது பலித்தது என்று தெரியாது.

பட்டறை முற்றத்தில் சோதிப்பது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், மேற்கு நோக்கி நிறுத்திய எந்தக் காரும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்.