இசட்விஎம்மில் ஷேர் மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் அஸ்தம்பட்டியில் நின்று தட்டுவடை செட் தின்றுகொண்டிருந்தபோது பழைய நண்பன் போன் செய்தான். பேச்சு இசட்விஎம் பற்றி, அதாவது ஒரே ஐபிஎம் மெயின்ஃப்ரேமுக்குள் பல மெய்நிகர் கணினிகளை (கெஸ்ட்) ஓட்டும் மென்பொருள். "டேய், லினக்ஸ் கெஸ்ட்டுக்கு ரெண்டு சிபியு இருந்ததை நாலாக்கிட்டேன், வேகம் கூடவே இல்லடா."

"ஷேரை ஏத்துனியா?" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை.

ஷேர் என்பது பிராசசர் நேரத்தில் கெஸ்ட்டுக்கு மொத்தமாகக் கொடுக்கும் பங்கு. தனியாக எதுவும் சொல்லாவிட்டால் ரிலேடிவ் 100, அதாவது மற்ற கெஸ்ட்டுகளோடு ஒப்பிட்டுப் பிரிக்கும் பங்கு. ரெண்டு சிபியு ஓடினால் ஆளுக்கு 50, நாலு ஓடினால் 25, ஒரு செட்டை நாலு பேர் பிய்த்துக்கொள்கிற கதைதான். மெஷினில் நெரிசல் இல்லாதவரை இது தெரியவே தெரியாது. மாதக் கடைசியில் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் வலிக்கும்.

அப்புறம் வரம்பு. லிமிட்சாஃப்ட் என்றால் மற்றவர்களுக்குத் தேவைப்படாதபோது கெஸ்ட் வரம்பைத் தாண்டிக்கொள்ளலாம், லிமிட்ஹார்ட் என்றால் பக்கத்தில் பிராசசர் சும்மா கிடந்தாலும் தொட முடியாது. இதில் அப்சல்யூட் (நேரடி சதவீதம்) 10% என்று போடுகிறவர்களில் பலர் ஒரு ஐஎஃப்எல்லில் (லினக்ஸுக்கான மெயின்ஃப்ரேம் பிராசசர்) பத்து சதவீதம் என்று நினைக்கிறார்கள். இல்லை, மொத்தத்தில் பத்து. 8 ஐஎஃப்எல் இருந்தால் 0.8 ஐஎஃப்எல் அளவு, நாளை இன்னும் ரெண்டு சேர்த்தால் யாரும் எதையும் தொடாமலே அது 1 ஆகிவிடும். லினக்ஸ் உள்ளே டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் ஸ்டீல் (பிராசசர் கிடைக்காமல் காத்திருந்த நேரம்) ஏறிக்கிடக்கும், அப்ளிகேஷன்காரர்களைத் திட்டுவதற்கு முன்னால் இசட்விஎம்மில் க்வெரி ஷேர் கட்டளை போட்டுப் பாருங்கள்.

செட் ஷேர் கட்டளையில் கொடுத்தது கெஸ்ட் இசட்விஎம்மிலிருந்து லாக்ஆஃப் ஆகும்வரைதான். லினக்ஸை ரீபூட் செய்தாலும் லாக்ஆஃப் ஆகாததால் மாற்றம் நிலைத்துவிட்டது என்றே தோன்றும். மாதக்கணக்கில் கழித்து ஒருநாள் லாக்ஆஃப் ஆனதும் பழைய எண் வந்து உட்காரும். கெஸ்ட்டின் நிரந்தர அமைப்பு இருக்கும் டைரக்டரியிலும் எழுதுங்கள். சிபியு பூல் (பல கெஸ்ட்டுகளுக்குச் சேர்த்து வைக்கும் பிராசசர் வரம்பு) வைத்திருந்தால் அது இசட்விஎம்மை மறுபடி துவக்கும் ஐபிஎல்லோடு போய்விடும், துவக்கத்தில் தானாக ஓடும் ஆட்டோலாக்1 வழியாகத் திரும்ப டிஃபைன் ஆகும்படி செய்யுங்கள்.

கூட்டிய சிபியுவைக் குறைக்க டிடாச் சிபியு கட்டளை கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட் அப்படியே ரீசெட் ஆகிவிடும். லினக்ஸிலேயே அந்த சிபியுவை ஆஃப்லைன் செய்தால் போதும், ஷேரும் மிச்சம் ஓடுகிற சிபியுக்களுக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியவந்தது ஏற்காடு போகிற வழியில், ஏழாவது கொண்டை ஊசி வளைவில் காரை ஓரங்கட்டி, "சர்வர் ஏன் திடீர்னு விழுந்துச்சு?" என்று கேட்ட மேனேஜருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது.