வாசல் படி பொக்கென்று ஒலிக்கிறதா?

மும்பையின் கடலோர மாகிமில் எங்கள் வாசல் படியின் விளிம்பில் மயிரிழை விரிசல். அதன் வழியே காவி நிறக் கசிவு. கொத்தனார் மேலே சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். ஒரே மழைக்காலம், பூச்சு அப்பளம் போல உரிந்து வந்தது.

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்கும், உள்ளிருந்தே பிளக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பல இடங்களில் பொக்கென்று ஒலித்தால் இடித்துக் கட்டுவதே நல்லது.

புதிதாகப் போடும்போது எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் கலவை கேளுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கடலோரத்துக்குச் சொல்லும் குறைந்தபட்சம் அதுதான். கம்பியைச் சுற்றி 45 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பிக்கு அடியில் ஓட்டுச் சில்லை முட்டுக் கொடுப்பார்கள், விடாதீர்கள். அதற்கென்றே உள்ள சிறு கட்டையான கவர் பிளாக்கை நீங்களே வாங்கிக் கொடுங்கள், சில ரூபாய்தான். கட்டுக்கம்பி முனைகளை உள்பக்கம் மடக்கச் சொல்லுங்கள். கலவை இளகவில்லை என்று வாளித் தண்ணீரைக் கவிழ்ப்பார்களே, அதுதான் பெரிய வினை, பக்கத்திலேயே நில்லுங்கள். படி வெளிப்பக்கம் சற்றே சரிய வேண்டும். பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். அதுவரை பின்வாசல்தான்.