துருப்பிடித்த கோடாரியைச் சீராக்குவது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய இரும்புக் கடையிலோ வீட்டுப் பரணிலோ துருவேறிய கோடாரித் தலை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். துரு பெரும்பாலும் மேலோடுதான் நிற்கும், உள்ளே எஃகு நன்றாகவே இருக்கும். கொல்லர் சூடாக்கிக் குளிரவைத்து அதற்கு ஏற்றிய கடினத்தை, அதாவது பதத்தைக் கெடுக்காமல் வேலையை முடிப்பதுதான் முக்கியம்.

முதலில் காம்பு நுழையும் ஓட்டையைச் சுற்றிலும் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் அந்தத் தலை வேண்டாம், வெட்டும்போது உடைந்து தெறிக்கலாம். பின்பக்கம் அடிவாங்கிப் பிதுங்கியிருந்தால் அரத்தால் ராவிவிடலாம். வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், சின்னப் பற்கள் விழுந்திருந்தாலும் பரவாயில்லை.

பழைய காம்பை எடுப்பது

சிலர் தலையை நெருப்பில் போட்டுக் காம்பை எரித்து எடுப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எஃகு சுமார் 220 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சளாகும், 300-ஐ ஒட்டி நீலமாகும். வாய் நீலமானால் அங்கே பதம் இறங்கிவிட்டது, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. காம்பைத் தலையை ஒட்டி ரம்பத்தால் அறுத்து, மிச்சக் கட்டையில் டிரில்லால் பல துளைகள் போடுங்கள். அப்புறம் ஓட்டையின் குறுகிய பக்கத்திலிருந்து அகன்ற பக்கம் நோக்கித் தட்டினால் வந்துவிடும்.

துரு நீக்குவது

தலை மூழ்கும் அளவுக்கு பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளை வினிகர் ஊற்றி ஒரு நாள் ஊறவிடுங்கள். நடுநடுவே எடுத்துப் பாருங்கள், தேவைக்கு மேல் ஊறினால் அமிலம் இரும்பையே அரிக்கும். கம்பி பிரஷால் தேய்த்து, ஆப்ப சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு வைத்தால் கண்ணெதிரே மறுபடி துரு பிடிக்கும்.

இரும்பு உடலில் எஃகு வாயைப் பற்றவைத்து அடித்த பழைய கோடாரி என்றால், வினிகரில் ஊறியதும் இரண்டும் சேரும் கோடு தெரியலாம். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் அது. அந்தக் கோட்டுக்காகவாவது தலையைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்காமல் கருமையோடு விட்டுவிடுங்கள்.

கூர் தீட்டுவது

கிரைண்டர் வேண்டாம். மெல்லிய விளிம்பு நொடியில் சூடாகி நீலமாகிவிடும். தலையை வைஸில் (பட்டறை மேசையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கி, 10 அங்குலத் தட்டை அரத்தால் முன்னோக்கி மட்டும் ராவுங்கள், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். தடித்த கையுறை கட்டாயம். அரம் வழுக்கினால் வாய் நல்ல பதத்தில் இருக்கிறது, மெதுவாகத்தான் கரையும். வெண்ணெய் போல வழித்தால் பதம் போய்விட்டது, அதைக் கொல்லரிடம்தான் கொண்டுபோக வேண்டும். இரு பக்கமும் சேர்ந்து 25 முதல் 30 டிகிரி கோணம் விறகு வெட்டப் போதும். ஒரு பக்கம் ராவும்போது மறுபக்கம் மெல்லிய பிசிர் எழும். விளிம்பு முழுக்கப் பிசிர் வந்ததும் பக்கம் மாற்றி, கடைசியில் சாணைக்கல்லில் அதை நீக்குங்கள்.

புதுக் காம்பு

நன்கு காய்ந்த கருவேலங்கட்டை நல்லது. நார் காம்பின் நீளத்துக்கு ஓடவேண்டும், குறுக்கே வெட்டிப் போனால் அங்கேதான் முறியும். ஓட்டை மேல்பக்கம் அகன்றிருந்தால் காம்பைக் கீழிருந்து நுழைத்து, மேல்முனையில் முன்பே அறுத்த பிளவில் மர ஆப்பு அடியுங்கள். நுழைப்பதற்கு ஒரு வழி இருக்கிறது: காம்பைத் தலை கீழே தொங்கும்படி பிடித்து, அடிமுனையில் மரச் சுத்தியலால் தட்டுங்கள். தலை தானாகக் காம்பில் ஏறும்.

ஆட்டம் கண்டால் தண்ணீரில் ஊறப்போடுவது ஊர்ப்பழக்கம். அது அன்றைக்கு மட்டும் பிடிக்கும். ஊதிய மரம் இரும்புக்குள் நசுங்கி, காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துவிடும். ஆப்பைத்தான் சரிசெய்யவேண்டும்.

காம்புக்கு வார்னிஷ் வேண்டாம், கை கொப்பளிக்கும். பெயின்ட் கடையில் கிடைக்கும் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெய்) துணியில் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு மறுபடி தேய்த்தால் போதும். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.