இரவில் இறங்காத குருதி அமுக்கத்துக்கு உடற்பயிற்சி

நாம் உறங்கும்போது குருதி அமுக்கம் பகல் அளவிலிருந்து 10 முதல் 20 வீதம் வரை தணிய வேண்டும். சிலருக்கு அது 10 வீதம்கூடத் தணிவதில்லை. இன்னும் சிலருக்கு இரவில் பகலையும் மிஞ்சி ஏறுகிறது. சீனி வருத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களிடமும், குறட்டையின் நடுவே மூச்சுத் தடைப்படுபவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படும். காலைக் கிளினிக்கில் மேல் அளவு 128 என்று எழுதித் தந்தால் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். இரவுக் கணக்கு அந்தக் கொப்பியில் இல்லை.

ஆகவே நடக்கத் தொடங்குமுன், 24 மணிநேர அளவீடு செய்துகொள்ள வழியுண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இடுப்பில் மாட்டும் சிறு கருவியொன்று, பகலில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும் இரவில் சற்றுக் கூடிய இடைவெளியிலும், மேற்கையில் சுற்றிய பட்டியை இறுக்கி அளவெடுக்கும். பட்டி இறுகத் தொடங்கியதும் கையைத் தளர்த்தி அசையாமல் வைத்திருங்கள். படுத்த நேரத்தையும் எழுந்த நேரத்தையும் குறித்துவையுங்கள். அவை இல்லாமல் இரவைப் பகலிலிருந்து பிரிக்க இயலாது. உறக்கநேரச் சராசரி 120/70 மி.மீ. இரசத்தை எட்டினாலே அது உயர்வுதான்.

பயிற்சியின் அடித்தளம் விரைநடை: கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். கூட வருபவருடன் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் நடப்பவர்கள் அலை நனைத்து இறுகிய மணலைத் தேர்ந்துகொள்ளலாம். காய்ந்த மணலில் கால் புதையப் புதைய இதயத்துக்கு வேலை கூடும், முழங்காலும் நோகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். சிறுநீரைக் கூட்டும் குளிசை எடுப்பவர்கள் அந்த வெக்கையில் நீரிழந்து மயங்கி விழக்கூடும். மாரி மழை ஒரு சாக்கல்ல, வீட்டு விறாந்தை போதும்.

இதனுடன் கிழமைக்கு மூன்று நாள், முதுகைச் சுவரில் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல முழங்காலை மடக்கி 2 நிமிடம் நின்று, 2 நிமிடம் ஆறி, இப்படி நான்கு முறை செய்யுங்கள். முதற் கிழமையில் 30 விநாடி நின்றாலே பெரிது. மூச்சை அடக்க வேண்டாம். அடக்கினால் அமுக்கம் சட்டென்று ஏறும்.

பகலில் வெளியேறாத உப்பை இரவில் வெளியேற்றுவதற்காகவே உடல் அமுக்கத்தை உயர்த்தி வைக்கிறது என்பது இரவில் அமுக்கம் தணியாததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. மாலையில் நடந்துவிட்டு இராச் சோற்றுக்குக் கருவாடு பொரிப்பவருக்கு நடையின் பலன் பாதியும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

அமுக்கம் 180/110ஐத் தாண்டிய நாளில் பயிற்சி வேண்டாம், வைத்தியரைப் பாருங்கள். நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குளிசையை நீங்களாகக் குறைப்பதோ நேரம் மாற்றுவதோ கூடாது.

மூன்று மாதத்துக்குப் பின் மீண்டும் அளக்கும்போது இரவில் தணியும் வீதத்தை மட்டும் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். பயிற்சி பகலையும் இரவையும் சேர்த்தே தணிப்பதால், பகல் 140 இலிருந்து 134 ஆகவும் இரவு 132 இலிருந்து 126 ஆகவும் இறங்கியவருக்கு வீதம் முன்போலவே 6 அளவில்தான் நிற்கும். அவர் பார்க்க வேண்டியது அந்த 126ஐ.