இனாரி ஏரிக்குப் போகிறீர்களா?

பின்லாந்தின் வடகோடியில் உள்ள இனாரி ஏரியைப் படகில் சுற்ற ஆசை என்றால் ஜூன் பிற்பாதிக்கு மேல் தேதி போடுங்கள். மே முடியும்போதும் ஏரியில் பனிக்கட்டி மிதக்கும். ஜூலையில் கொசுத்தொல்லை அதிகம். முழுக்கைச் சட்டை அவசியம்.

படகேறுவதற்கு முன் கரையிலேயே இருக்கும் சீடா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். இப்பகுதியின் பூர்வகுடிகளான சாமி (Sámi) மக்களின் வாழ்க்கை தெரியாமல் போனால் 3,000-க்கும் மேற்பட்ட தீவுகளும் வெறும் பாறையும் பைன் மரமுமாகத்தான் தெரியும். குறிப்பாக உகோன்கிவி. தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழும் இந்தப் பாறைத்தீவில் அவர்கள் பலி கொடுத்து வழிபட்டார்கள். 1873-ல் தொல்லியல் அறிஞர் ஆர்தர் எவன்ஸ் (ஆமாம், பின்னாளில் கிரேக்கத் தீவான கிரீட்டில் பழங்கால நாசோஸ் அரண்மனையைத் தோண்டியவரேதான்) இங்கே பழைய வெள்ளி நகை ஒன்றைக் கண்டெடுத்தார்.

விமானத்துக்கு இவாலோ வரை டிக்கெட் எடுங்கள். அங்கிருந்து சாலைப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள்தான்.