1913-ஐச் சுவரில் ஏற்றுவது எப்படி

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு நான் செய்யும் வேலை இது. உங்கள் கோயில் மண்டபத்திலும் செய்யலாம். காந்தியின் தலைமையில் நம் மக்கள் போராடிய, தென்னாப்பிரிக்காவின் 1913-ஆம் ஆண்டு முழுவதும் ஒரே சுவரில் தெரிய வேண்டும்.

பழுப்புத் தாளை நீளமாக ஒட்டிப் பன்னிரண்டு மாதங்களாகக் கோடு போடுங்கள். அரசியலுக்கு ஒரு வரிசை, விளையாட்டுக்கு ஒரு வரிசை என்று பிரிக்க வேண்டாம். மையின் நிறத்தை மாற்றினால் போதும். எல்லாம் தேதிப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும்.

ஜனவரி 11: பிரான்சின் போர்தோவில் ஸ்பிரிங்பாக் எனும் தென்னாப்பிரிக்க ரக்பி அணி பிரான்சை 38-5 என்று வென்றது. அந்த அணியில் வெள்ளையருக்கு மட்டுமே இடம். அதையும் கூடவே எழுதுங்கள்.

மார்ச் 14-இல் கொஞ்சம் நில்லுங்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டிய நம் பெண்கள் சட்டப்படி மனைவியே இல்லை என்றானது. நம் ஆயாக்கள், அதாவது பாட்டிகள், ஏன் சிறைக்குப் போனார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் இந்தத் தேதியைக் காட்டுங்கள்.

ஜூன் 19-இன் நிலச் சட்டத்தை நம் கதையில்லை என்று விட்டுவிடாதீர்கள். நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டுமே கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய சட்டம் அது. எதிர்த்து நின்ற கறுப்பின மக்களின் காங்கிரஸின் தலைவர் ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளி, காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு. அதற்கு ஒரு வரி போதும்.

அக்டோபருக்கும் நவம்பருக்கும் நிறைய இடம் விடுங்கள். டிரான்ஸ்வாலிலிருந்து வந்த பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய், ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் மீதான 3 பவுன் ஆண்டு வரி நீங்கும்வரை வேலைக்குப் போகாதீர்கள் என்று பேசினார்கள். காந்தியின் தோழர் தம்பி நாயுடுவும் கூட நின்றார். அப்பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். நவம்பர் 6-இல் காந்தியோடு நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை தாண்டி நடந்தவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். இந்த எண்களைப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் டிசம்பர். 13-ஆம் தேதி டர்பன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் ஆட்டம். முதல் இன்னிங்ஸில் தென்னாப்பிரிக்கா எடுத்த 182-இல் ஹெர்பி டெய்லர் மட்டும் 109. ஆட்டம் 17-இல் முடிய, 18-இல், அந்த நடைப்பயணத்தில் கைதான காந்தி விடுதலை. 21-ஆம் தேதி, வேலைநிறுத்தத்தில் சுடப்பட்டு இறந்த இந்தியத் தொழிலாளர்களுக்காகத் துக்க உடையில் அதே டர்பனில் கூட்டத்தின் முன் நின்றார். தனித்தனி வரிசை போட்டிருந்தால் இந்த ஒன்பது நாளும் ஒன்றாகக் கண்ணில் படாது.

வலப்புறம் ஒரு முழம் தாள் கூடுதலாக விடுங்கள். போராட்டத்தில் சிறை சென்று அங்கே நோய்ப்பட்ட இளம்பெண் வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி 22. மூன்று பவுன் வரி நீங்கியதும் அந்த ஆண்டில்தான்.

செய்தி தேட வெஸ்ட்வில்லில் காந்தி-லுதூலி ஆவண மையம் இருக்கிறது. காந்தி தென்னாப்பிரிக்காவில் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' வார இதழிலும் தேடலாம்; அது வாரம் ஒரு முறை வந்தது. இதழின் தேதியைச் சம்பவத்தின் தேதியாக எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, தாளின் அடியில் குடும்பங்களுக்கு இடம் விடுங்கள். மண்டபத்துக்கு வரும் பெரியவர்களிடம் எந்தக் கரும்புத் தோட்டம், எந்தக் கப்பல் என்று கேளுங்கள். ஒப்பந்தக் கூலியாக வந்தவருக்குக் கொடுத்த காலனி எண் வீட்டுக் காகிதத்தில் இருந்தால், கப்பல் பட்டியலில் தகப்பன் பெயரையும் ஊரையும் தேடி எடுத்து, நவம்பருக்குக் கீழே ஒட்டலாம்.